தொண்ணூற்றேழு

மகாராஜாவின் வயிற்றுக்கு அந்த நீலப் பாதுகாப்பு அங்கி போதவில்லை. மயான ஊழியர் ஒருவர் இடது பக்கம் பிடித்து இழுத்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் வலது பக்கம் பிடித்து இழுத்தார். ஜிப் தொப்புள் வரைக்கும் சமர்த்தாக வந்து, அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட ஏற மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தது. பாண்டித்துரை அண்ணன், தலை எது கால் எது என்று தெரியாத ஒரு வெள்ளைப் பொட்டலமாக, ஆம்புலன்ஸுக்குள் காத்திருந்தார். உயிரோடு இருந்த அறுபத்தாறு வருஷத்தில் அவரை யாரும் இவ்வளவு நேரம் காக்க வைத்ததில்லை.

கடைசியில் செபாஸ்டின்தான் வந்தார். மருந்துக்கடை செபாஸ்டின். மகாராஜாவின் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி சைகை காட்டி, ஒரே இழுப்பில் ஜிப்பைக் கழுத்துக்கு ஏற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.  தூத்துக்குடி ஹார்பரில் கப்பல் சங்கு ஊதினால் அதற்கும் ஒரு பதில் சொல்லுகிற ஆள் செபாஸ்டின். அந்த வாய் மூடியிருந்தால் உலகத்தில் ஏதோ இடிந்து விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது மகாராஜாவுக்கு. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் மனைவி முருகேஸ்வரி மதினியும் திட்டவில்லை. உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்து, அண்ணன் வேட்டியை ஒரு பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். “போயிட்டு வாங்க தம்பி” என்று மட்டும் சொன்னாள். தம்பி என்கிற அந்த வார்த்தை காலையிலிருந்து அவர் நெஞ்சுக்குழியில் மீன்முள்ளாக நின்றது. அண்ணனைக் கொன்றது தன் மாத்திரையா, இல்லையா? அதை யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா முகத்திலும் பாதி மாஸ்க் இருந்தது.

அந்த மாத்திரையைப் பற்றி அந்த மே மாதத்தில் தூத்துக்குடியில் அபிப்பிராயம் சொல்லாதவை ஹார்பர் கிரேன்கள் மட்டும்தான். பூச்சிக்குக் கொடுக்கிற மாத்திரை கொரோனாவுக்குக் கேட்குமா? ஒரு பெரிய டாக்டர் கொடு என்றார். அவரைவிடப் பெரிய டாக்டர் கொடுக்காதே என்றார். ஒரு அரசாங்கத் தாளில் அதன் பேர் இருந்தது, இன்னொரு தாளில் வேண்டாம் என்று இருந்தது. இரண்டு தாளும் ஒரே வாட்ஸ்அப்பில் ஒரே காலையில் வந்து சேர்ந்தன. விளாத்திகுளத்தில் முப்பத்திரண்டு வருஷம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற மகாராஜாவுக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை. அந்தத் தாலுகாவின் ஒன்றரை லட்சம் ஆடுகளுக்கும் அவர் கையால் அந்த மருந்து போயிருந்தது. ஆடுகள் அவர் மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டாலே வரிசையில் நிற்கும் என்பார். அதில் பாதியாவது உண்மை.

அண்ணனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்த அன்றைக்கே மனுஷருக்கான மாத்திரை அஞ்சு வாங்கி, சட்டைப்பையில் போட்டு, போலீஸ் தடுப்புகளையெல்லாம் பால்வண்டியில் ஒளிந்து கடந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தார். எடைக்குத் தகுந்த அளவு கொடுக்க வேண்டுமே, அண்ணன் எடை எவ்வளவு என்று கேட்டார். பாண்டித்துரைக்குத் தன் எடை தெரியாது. ஹார்பர் ரோட்டில் உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடையை முப்பது வருஷமாக நடத்துகிறவர் அவர். நிறுக்கும்போது லாரி மேல் காக்கா உட்கார்ந்தால், அது எழுந்து பறக்கிற வரைக்கும் சீட்டுக் கிழிக்க மாட்டார். கடவுளே இறங்கி வந்து பத்து கிலோ குறைத்துப் போடச் சொன்னாலும், மேடையை விட்டுக் கீழே இறங்கி நில்லும் என்று சொல்லுகிற ஆள்.

காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, லாரி நிற்கிற மேடையின் நட்டநடுவே தனியாகப் போய் நின்றார். அந்த எந்திரத்துக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். எழுபது என்றது. எண்பது என்றது. திரும்ப எழுபது என்றது.

“இது டன் கணக்குல நிறுக்க சாமான்லே. சின்ன எடைக்குப் பொய் சொல்லும்” என்றார் பாண்டித்துரை.

“எம்பதுன்னு வைப்போம்ணே” என்றார் மகாராஜா.

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்டின் சிரித்த சிரிப்பில் முத்துநகர் கடற்கரையில் நண்டெல்லாம் வளைக்குள் போயிருக்கும். புழு வேறு, வைரஸ் வேறு என்று அவர் அரைமணி நேரம் வாதாடினார். மகாராஜா ஒரு மணி நேரம் பதில் வாதாடினார். மாத்திரை வேலை செய்கிறதா என்று அஞ்சு நாளில் தெரிந்துவிடும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. அதற்கப்புறம் தினம் காலையில் கடைக்குப் போகும்போது அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு நேரே ஸ்கூட்டரை நிறுத்தி, செபாஸ்டின் ஆடு மாதிரி “மே” என்று நீளமாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே அண்ணன் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமல் நிற்க வெகுநேரமாகும்.

மகாராஜா விளாத்திகுளத்துக்குத் திரும்பியிருந்தார். தினம் காலை ஆறு மணிக்குப் போன் போடுவார். விரலில் மாட்டுகிற மெஷினில் ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பார். “தொண்ணூத்தேழுடே” என்பார் அண்ணன். அடுத்த நாளும் தொண்ணூற்றேழு. அதற்கடுத்த நாளும். மகாராஜா அதை உடனே மாத்திரை பேரோடு தன் குரலில் பதிந்து, தாலுகாவில் தனக்குத் தெரிந்த ஆட்டுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். பதியும்போது வாய் சும்மா இராமல் தொண்ணூற்றெட்டு என்று ஒன்று கூட்டிச் சொன்னார்.

ஆறாம் நாள் விடியும் முன்னால் மதினி போன் செய்தாள். அண்ணனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் விரலை மாட்டியதும் அறுபத்தொன்று காட்டியது. இன்னும் இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று நர்ஸம்மா கேட்டார். அதற்கப்புறம் பதினோரு மணி நேரம். அவ்வளவுதான்.

மயானத்தில் வெள்ளைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். நெற்றியில் ஒரு பொட்டு விபூதி வைக்க இடமில்லை. மகாராஜா அதை பிளாஸ்டிக்கின் மேல் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. ஒன்றரை மணி நேரமாகும், வெளியே இருங்கள் என்று ஊழியர் சொன்னார். வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு இரண்டு கிடந்தன. ஒன்றில் மகாராஜா உட்கார்ந்தார். மற்றதில் செபாஸ்டின். அங்கியைக் கழற்றிய இருவர் சட்டையும் கடலில் விழுந்து எழுந்தது போலிருந்தது.

“கேட்டுரும் வே. என் மாத்திர என்னத்தக் கிழிச்சுதுன்னு கேட்டுரும்” என்றார் மகாராஜா.



“மாத்திர ஒண்ணும் பண்ணல வே. நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல” என்றார் செபாஸ்டின். பிறகு அவராகவே சொன்னார். நாலாம் நாள் மதினி கடைக்கு வந்து அந்த மெஷினுக்கு பேட்டரி கேட்டாளாம். மெஷின் எண்பத்தாறு காட்டுகிறது, பேட்டரி போய்விட்டது என்று அவள் வீட்டுக்காரர் சொன்னாராம்.  செபாஸ்டின் பேட்டரி கொடுக்காமல் பாண்டித்துரை அண்ணாச்சிக்கே போன் போட்டார்.

“ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். நாளைக்கு ஒத்த மாத்திர பாக்கி இருக்கு, அது முடியட்டும்னாவ. இன்னைக்குப் போனா தெருப்பூரா நீ ஆடு மாதிரி கத்துவ, எந்தம்பி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பான்னாவ.” செபாஸ்டின் மாஸ்கைக் கீழே இறக்கினார். “ஒம்மகிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. நானும் ஒரு நாள்தானன்னு விட்டுட்டேன்.”

   காக்கா பறக்கிற வரைக்கும் சீட்டுக் கிழிக்காதவர், தினம் காலையில் ஆறு மணிக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தம்பிக்காக ஒரு பொய் எடை போட்டிருக்கிறார்.

“மொத நாளு எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டார் மகாராஜா.

“தெரியாது வே.”

உள்ளே ஏதோ ஒரு இரும்புக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மகாராஜாவின் பையில் போன் அடித்தது. வேம்பார் விக்டர். முப்பது ஆடு வைத்திருக்கிறவன். அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றான். பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் சொன்ன மாத்திரையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றான். “மெசின்ல எம்பத்தொம்பது காட்டுது. இன்னும் ரெண்டு நாளுதான, முடியட்டும்னு இருக்கேன்.”

“ஏலே, இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“ஒங்க அண்ணாச்சிக்குத் தொண்ணூத்தெட்டுன்னு சொன்னியளே?”

“செத்துட்டாவ” என்றார் மகாராஜா. “நான் சொன்னது பொய். நீ வண்டியப் பிடி.”

விக்டர் என்னவோ கேட்கத் தொடங்கினான். வண்டியைப் பிடி என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவர் மூக்குக்கண்ணாடி ஆஸ்பத்திரியில் எங்கேயோ விழுந்துவிட்டது. எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. போனை செபாஸ்டினிடம் நீட்டினார். செபாஸ்டின் எழுந்து வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். அந்தக் குரல்பதிவு போன இடங்களைத் தேடி எடுத்தார்.

“எத்தன பேரு?” என்று கேட்டார் மகாராஜா.

“பத்தொம்பது.”

செபாஸ்டின் பெயரை வாசித்து எண்ணை அழுத்திக் கொடுக்க, மகாராஜா பேசினார். முதல் ஆள், அப்பா நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு வாருங்கள் என்றான். இரண்டாவது ஆள் துக்கம் விசாரித்தான். மூன்றாவது ஆள், சூரங்குடிக்காரர். கொரோனா கால எச்சரிக்கை அறிவிப்பு முதலில் ஓடியது. ஒரு எண்ணை அழுத்தினால் அது நின்றுவிடும். மகாராஜா அழுத்தாமல், இடைவெளியைக் கடைப்பிடியுங்கள் என்பது வரை முழுசாகக் கேட்டார். பிறகு மணி அடித்தது. அடித்து அடித்து, தானே நின்றது. மறுபடி போட்டார். அதுவும் நின்றது.

செபாஸ்டின் நாலாவது பெயரை வாசித்தார்.