ஒன்பதாம் மாடியில் குளிர்காலம்

ஆங் மோ கியோவில், சந்தைக்குப் பின்னால் நிற்கும் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில், கவிப்ரியாவின் வீட்டு வாசலுக்கு மட்டும் நவம்பர் பிறந்ததும் குளிர்காலம் வந்துவிடும். மின்தூக்கியிலிருந்து இறங்கி நாலு வீடு தாண்டும்வரை வழக்கமான புழுக்கம்தான். அதற்கப்பால், அவள் வீட்டுச் செருப்பு அலமாரியிலிருந்து பக்கத்து வீட்டு மேடம் கோவின் சாமி மாடம்வரை பனி விழும். மாடியில் துணி சொட்டினால்கூடப் புகார் கொடுக்கிற சனங்கள் இதைப் பற்றி இப்போது புகார் கொடுப்பதில்லை. கீழ்வீட்டு மலாய்க் குடும்பம் விருந்து வந்தால் அகர் அகர் ஜெல்லித் தட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உறைந்ததும் எடுத்துப்போகிறது.

இது ஆரம்பித்த கதைக்குக் கவிப்ரியாவின் வேலையிலிருந்துதான் வர வேண்டும். அவள் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் லேபிளைத் தொட்டுக்காட்டி, போட்டிருக்கிறபடி சாப்பிடுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அதுவே அவள் சுபாவமாகிவிட்டது. ஷாம்பு பாட்டிலில் இரண்டு முறை அலசவும் என்றிருந்தால் இரண்டு முறை அலசுவாள். பெயர் இல்லாத லேபிளை யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆறு மாதக் கர்ப்பிணியாகத் தேக்கா கடைத்தெருப் பக்கம் போனவள், முகமது இஸ்மாயிலின் மளிகைக் கடையில் ஒரு பட்டாணி விதைப் பாக்கெட்டை எடுத்தாள். குழந்தைக்கு முதன்முதலாக ஊட்டும் காய் தன் வாசலில் காய்த்ததாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மண்ணை முன்பே பண்படுத்தி வைத்து, கடுங்குளிர் விலகியதும் வசந்தத்தின் தொடக்கத்தில் விதைக்கவும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது.

“இந்த ஊர்ல ஸ்பிரிங் ஏதும்மா? எல்லா நாளும் ஒரே வெயில்தான். சும்மா போடுங்க லா, வந்துடும்” என்றார் இஸ்மாயில்.

“பாக்கெட்ல போட்டிருக்கே, பாய்” என்றாள் கவிப்ரியா.

ஜூலையில் குழந்தை பிறந்தது. அழவில்லை. பெண் குழந்தை, தலை நிறைய முடி. கையில் கட்டிய பட்டையில் ‘கவிப்ரியாவின் குழந்தை’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. திவ்யதர்ஷினி என்று பெயர் பார்த்து வைத்திருந்தார்கள். அவள் கணவன் ரஞ்சன் தேடிப் பிடித்த பெயர் அது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு அவன் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. அவன் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு பெயர்மேல் இடிக்காமல் நடந்து பழகுவது பெரிய களைப்பு. இந்த ஊரில் ஜூலையும் ஒன்றுதான், அக்டோபரும் ஒன்றுதான். துக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஜன்னல் வழியே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ரஞ்சன் மறந்துவிட்டான் என்று அவள் முடிவுகட்டினாள். மறந்துவிட்டவனோடு இனி எப்படிக் குடித்தனம் செய்வது என்று யோசிக்கவும் ஆரம்பித்தாள்.

தொட்டிலையும் துணிமணிகளையும் ரஞ்சன் யார் யாருக்கோ கொடுத்துவிட்டான். மிச்சமிருந்தது மஞ்சள் நிறக் குளியல் தொட்டி.

“அதையும் கொடுத்துடலாம், கவி. பாக்கறப்பல்லாம் உனக்குக் கஷ்டமா இருக்கு.”

“எனக்கா, உங்களுக்கா?” என்றாள் அவள்.

மறுநாள் அவள் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினாள். தண்ணீர் வடிய ஓட்டை தயாராக இருந்தது. கிராஞ்சி நாற்றுப்பண்ணையிலிருந்து மண் மூட்டை வேண்டுமென்றாள். ரஞ்சன் தோளில் சுமந்து வந்து இறக்கினான். மண்ணைப் பரப்பிக் காயவைத்து, கட்டிகளை உள்ளங்கையில் உதிர்த்து, தேங்காய் நார்த்தூளும் மக்கிய எருவும் கலந்து, வெங்காயத்தோல் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டாள். நல்ல மண்ணாக வந்தது. ஆனால் விதைக்கவில்லை. வசந்தம் வரட்டும் என்றாள். நகர மன்றத்திலிருந்து வந்தவர் நடைபாதையை அளந்துவிட்டு, இந்தத் தொட்டி யாருடையது என்று கேட்டபோது, கணவன் மனைவி இருவருமே பதில் சொல்லவில்லை. வழி போதுமான அளவு இருந்ததால் அவரும் வற்புறுத்தவில்லை.

வசந்தம் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் குளிர்காலம் வந்தாக வேண்டும். நவம்பரில் அது வந்தது. உட்லண்ட்ஸில் குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கிற ரஞ்சன், முதலில் வீட்டு ஏர்கானில் கேஸ் கசிகிறதா என்று பார்த்தான். பிறகு மேடம் கோவின் ஏர்கானையும் கழற்றிப் பார்த்தான். இரண்டும் நன்றாக இருந்தன. கொசு ஒழிப்புக்காக வந்த அதிகாரி தொட்டிக்குள் டார்ச் அடித்து, பனிக்கட்டியில் கொசு முட்டையிடாது என்று சொல்லிவிட்டுப் பத்தாம் மாடிக்கு ஏறிப்போனார். ரஞ்சன் ஒரு கம்பளிக் குல்லா வாங்கினான். கவிப்ரியா வெறும் கையால் உறைபனியை ஒதுக்கி, மண் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டாள்.

ஜனவரி முடியப்போகிற ஒரு காலையில், தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறை ஜன்னல் வழியே ரஞ்சனைப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பியவன் தொட்டிக்கு எதிரே குந்தி பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த பிறகும் எழவில்லை. மண்ணைப் பார்த்து வாயசைத்தான். சத்தமே இல்லை. ஆனால் அந்தக் குளிரில் மூச்சை ஒளித்துவைக்க முடியாது. ஐந்து சிறு புகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கலைந்துபோகாமல், மண்ணின்மேல் இறங்கி உட்கார்ந்தன. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கவிப்ரியா ஜன்னல் கண்ணாடிக்கு அருகே உதட்டை வைத்து, இத்தனை மாதமாகச் சொல்லாத பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். அதே ஐந்து புகைகள், அதே நீளத்தில் வந்தன. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“எத்தன நாளா?”

“தினமும்தான்” என்றான் ரஞ்சன். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாள்லேர்ந்து.”

“எனக்குக் கேக்கவே இல்லையே.”

“கேட்டா நீ தாங்கமாட்டேன்னு பயந்துட்டேன், கவி.”

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. இருவரும் பனியில் உட்கார்ந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார்கள். முதலில் மெதுவாக, பிறகு அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

சில நாட்களில், சீன நாட்காட்டியில் வசந்தம் தொடங்குகிற தினம் வந்தது. அன்றைக்கு வங்கியில் பணம் போட்டால் வருடம் முழுக்க நல்லது என்று ஏடிஎம் வரிசையில் நின்றுவிட்டு வந்த மேடம் கோ, வாசலில் சிவப்புத் தாளை ஒட்டியபடி, “டுடே ஸ்பிரிங் ஸ்டார்ட் லா, கேர்ள்” என்றார். அவர் சொல்லி வாய் மூடுமுன் தொட்டியின் ஓட்டை வழியே பனித்தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ரஞ்சன் விரலால் குழி பறிக்க, கவிப்ரியா விதைகளை ஒவ்வொன்றாக இட்டு மூடினாள்.

ஏப்ரலில் பட்டாணி காய்த்தது. முதல் கைப்பிடியை உரித்து, வேகவைத்து, மசித்து, இருவரும் ஒரே சின்னக் கரண்டியில் சாப்பிட்டார்கள். உப்புப் போடவில்லை. குழந்தைக்கு உப்புச் சேர்க்கக் கூடாது.

அதற்குப் பிறகு வருடா வருடம் குளிர்காலம் வருகிறது, மேடம் கோ தாள் ஒட்டியதும் போகிறது. இஸ்மாயில் அவளுக்கென்று ஒரு பாக்கெட்டை எடுத்துவைத்துவிடுகிறார். நகர மன்றத்து ஆளும் வருகிறார். பனியில் கால் வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, வழியை அளந்துகொண்டு போகிறார். தொட்டி யாருடையது என்று இப்போது அவர் கேட்பதில்லை. அதில் ஒட்டிய லேபிளில் பெயர் போட்டிருக்கிறது.