சப்பாத்தி பில்டர்

பெயர் அமான், வயது இருபத்திரண்டு, இருப்பது திருவண்ணாமலை செங்கம் ரோடு, மொய்னுதீன் பாய் கார் ஆடியோ கடை. பேரணாம்பட்டில் இருக்கும் வீட்டுக்கு எந்தச் செய்தி அனுப்பினாலும், விண்ணப்பம் பூர்த்தி செய்கிற மாதிரி இப்படித்தான் தொடங்குவான். வீட்டில் இருப்பது ஒரே போன். அது யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இவன் வாயால் சொல்லச் சொல்ல இவன் போன் எழுதிக்கொள்ளும்.

அன்று காலை அவன் சொன்னது, முதல்முறையாகத் தானே அளந்து, அறுத்து, ஒட்டிய ஊஃபர் பெட்டியைப் பற்றி. காற்று வந்து போக ஓட்டை வைத்த பெட்டி. பாஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கும். ஆனால் பெட்டி தாங்கும் அளவுக்கும் கீழே போகும் அடிச்சத்தம் வந்தால் காற்றின் பிடி விட்டுப்போய், ஊஃபரின் கூம்பு கண்டபடி ஆடிக் கிழிந்துவிடும். அந்தச் சத்தத்தை ஆம்ப்ளிஃபயரிலேயே தடுப்பதுதான் சப்சானிக் பில்டர். பெட்டி தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம், ஊஃபர் கிழிந்து வந்தால் ஊருக்குப் பஸ் ஏறிவிடு என்று பாய் முன்பே சொல்லிவிட்டார்.

வாடகைக் கார் ஓட்டும் ராஜமாணிக்கம் அந்தப் பெட்டியைத் தன் காரில் மாட்டிக்கொண்டு கிளம்பி அரை மணி ஆகியிருக்கும். தங்கை மஹீனிடமிருந்து பதில் வந்தது.

'சப்பாத்திக்கு எதுக்குண்ணா பில்டர்?'

அமான் தன் செய்தியைப் படித்துப் பார்த்தான். சப்பாத்தி பில்டர் போட்டுட்டேன் என்று எழுதிவைத்திருந்தது போன். சிரிக்க வாயெடுத்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே போட்டானா? பெட்டியைச் சோதிக்க ஒரு நிமிடம் பில்டரை நிறுத்தினான். உடனே வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனை எடுத்தான். சுவிட்சைத் திரும்பத் தொட்டதாக ஞாபகமே இல்லை.

ராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, காரில் அலறும் பாட்டுச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? டீ குடித்துவிட்டு வருவதாகப் பாயிடம் சொல்லி, கடை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீடு இருக்கும் அடி அண்ணாமலைக்குப் பறந்தான்.

வீட்டு வாசலில் கார் டிக்கியைத் திறந்து வைத்து பம்பை மேளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பம்பைக்கு அடியில் பூமிக்குள் இறங்குகிற மாதிரி ஒரு பாஸ். கூம்பைக் கிழிக்கிற அதே சத்தம். ராஜமாணிக்கத்தின் முகமோ தொங்கிப்போயிருந்தது.

"வா தம்பி. கடைல அந்தக் குத்து குத்துச்சு, இங்க சத்தம் கம்மியா இருக்குதே. இன்னா பெட்டி இது?"

அவர் மனைவி சரோஜா கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தாள். "பெட்டிக்குப் பூஜை போடலாம்னு சூடம் ஏத்துனா, ஏத்த ஏத்த அணைஞ்சி போவுதுப்பா. மூணு வாட்டி. பாத்தா உன் பெட்டி ஓட்டைல இருந்து புஸ்ஸு புஸ்ஸுனு காத்து. அதான் இவரு துண்ட சுருட்டி அடைச்சிட்டேன்."

அமான் பாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்தான். பில்டர் அணைந்துதான் கிடந்தது. கூம்பில் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தான்; ஒரு கீறல் இல்லை, ஒரு உரசல் இல்லை. துண்டு அடைத்ததும் உள்ளே சிக்கிய காற்றே மெத்தை மாதிரி கூம்பைத் தாங்கியிருக்கிறது. பேசாமல் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. மறந்தது தன் தப்புதான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அப்போ பெட்டிய காப்பாத்துனது என் துண்டா?" என்றார் ராஜமாணிக்கம்.

"துண்டு உன்னுது. அடைச்சது யாரு?" என்றாள் சரோஜா.

பில்டரைப் போட்டு, துண்டை உருவியதும் டிக்கிக் கதவே அதிர்ந்தது. சரோஜா நாலாவது சூடத்தைக் கார் பானெட் பக்கம் கொண்டுபோய் ஏற்றினாள். ராஜமாணிக்கம் அங்கேயே நின்று பாய்க்குப் போன் போட்டார். பையன் சுவிட்சை மறந்ததையும், வீடு தேடி வந்து அவனே ஒப்புக்கொண்டதையும், பெட்டி அருமையாக இருப்பதையும் சொல்லிவிட்டு அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"டீ குடிக்கப் போறேன்னு போனான்," என்றார் பாய். "குடிச்சது போதும், நாளைக்கு அவன் செய்ய இன்னும் ரெண்டு பெட்டி இருக்குது, சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அமான் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திப் போனை வாயருகே பிடித்தான். பெயர், வயது, இடம் எல்லாம் சொன்னான். பிறகு, "வேல நிரந்தரம் ஆயிடுச்சு. இதப் படிக்கிறது யாரா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லிடுங்க," என்றான்.