மணவறையில் தொங்கிய ஹாப்ஸ்

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. என் மகள் நிலானி புக்கெகோஹியில் குத்தகை நிலத்தில் மூன்று ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த ஹாப்ஸ் கொடிகளில் இரண்டு வரிசைகளை, அறுவடை நாளான நேற்று, விடிந்ததும் விடியாததுமாக நம் தமிழ்ச் சங்கத்தார் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இதுவே என் முறைப்பாடு.

ஹாப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடி. கயிற்றைச் சுற்றி ஐந்து மீட்டர் ஏறிப் பச்சைக் கூம்புகளாகப் பூக்கும். பியர் என்றால் நம்மவர்கள் என்ன பேசுவார்களோ என்று அஞ்சிய நிலானி, கேட்டவர்களிடமெல்லாம் அதை மூலிகைக் கொடி என்றாள். பொய் சொன்ன மாணவர்களை முப்பத்தாறு ஆண்டுகள் தண்டித்த நானும் சங்கக் கூட்டத்தில் அதையே சொன்னேன். உடனே செயலாளர் ராகேஷ், ஒரு கல்யாணத் தோரணத்துக்குக் கொஞ்சம் வேண்டுமென்றார். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வழியின்றித் தலையசைத்தேன். கொஞ்சம் என்பதற்கு இரண்டு வரிசை என்ற பொருளை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

காலை எட்டு மணிக்கு, கூலிக்கு வந்த இருவருடன் தோட்டத்தில் நுழைந்தோம். வெறுங்கயிறுகள் காற்றில் ஆடின.

"அப்பா, இஞ்ச பாருங்கோ," என்றாள் நிலானி.

ஒடாஹுஹுவில் சிறிய பியர் ஆலை நடத்தும் கிரெய்க், பறித்த அன்றே கொப்பரையில் இடவேண்டிய அந்தப் பூக்களுக்காகப் பிற்பகல் இரண்டு மணிக்கு அடுப்பை மூட்டிக் காத்திருப்பார். எஞ்சிய நான்கு வரிசைகளும் முதிர இன்னும் சில நாட்கள் வேண்டும்; இந்தப் பூ அவருக்குப் பிடித்தால் அவற்றையும் அவரே வாங்குவார். வாங்குபவர் ஒருவரைக் காட்டாவிட்டால், இம்மாதத்தோடு முடியும் குத்தகையை நிலக்காரர் நீட்டிக்கமாட்டார். மூன்று ஆண்டு உழைப்பும் அத்துடன் போய்விடும்.

ராகேஷ் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு, தோரணம் கட்டிய மணவறையின் படத்தைப் பெருமையுடன் அனுப்பினார். கூலிக்கு வந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு மனுகாவ் மண்டபத்துக்கு விரைந்தோம். சூடான விளக்குகளின் கீழ்ப் பூக்களின் ஓரங்கள் சுருளத் தொடங்கியிருந்தன.

"வாங்க சார்! எப்படி இருக்கு?" என்றார் ராகேஷ். "மாவிலைக்கு அலைய வேண்டிய ஊர்ல இது கடவுளாப் பாத்து அனுப்பின மாதிரி."

"ராகேஷ் அண்ணா, இதைக் கழட்டவேணும். இப்பவே," என்றாள் நிலானி.

"விளையாடாதம்மா. பதினோரு மணிக்கு முகூர்த்தம்."

மணமகளின் தாய் மீனாட்சி பட்டுச்சேலை சரசரக்க வந்தார். "தாலி கட்டறதுக்கு முன்னாடி தோரணத்தை அவுக்கறதா? என்ன பேச்சு இது? வாயைக் கழுவு."

"அக்கா, எனக்கு ரெண்டு மணிக்கு முதல் வேணும்."

"போட்டோ எல்லாம் முடியட்டும். நாலு மணிக்கு எடுத்துக்கோ."

நாலு மணிக்கு அவை சருகு. நிலானி என் சட்டைக்கையைப் பற்றினாள். "அப்பா, சொல்லாதேங்கோ. பிறகு ஒருத்தரும் எங்களோட கதைக்க மாட்டினம்."

ஐந்து நிமிடம் பொறுத்தேன். ஐயர் மணமகளை அழைத்துவரச் சொன்னார். கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவனுக்கும் எட்டும் என் வகுப்பறைக் குரலில் சொன்னேன்: "இது மூலிகையன்று. பியர் காய்ச்சும் கொடி. நாங்கள் இருவரும் பொய் சொன்னோம்."

பின்வரிசையில் ஒருவர், "அதான் வந்ததிலேர்ந்து எனக்குத் தாகமா இருக்கு!" என்றார்.

"சிரிக்காதீங்க!" என்று மீனாட்சி சீறினார். "என் பொண்ணோட மணவறையிலயா? ராகேஷு, ஏறு! அவுத்துப் போடு அதை!"

சகுனம் பார்த்த அதே வாய்தான். பத்தே நிமிடத்தில் கொடிகள் தரையில் கிடந்தன. பிளாஸ்டிக் மாவிலை மேலே ஏறியது.

கார் நிறுத்துமிடத்து நிழலில் நால்வரும் அமர்ந்து பூப் பறித்தோம். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. எங்களிடமிருந்து ஐந்தாவது காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சில கனவான்கள் பியர் அருந்தினார்கள். அவர்களில் ஒருவர், "நல்ல குடும்பத்துப் பொண்ணு, செய்யற வேலையைப் பாரு," என்றார். வந்து பறிக்குமாறு அவரை அழைத்தேன். அவர் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆலையை அடைந்தோம். கிரெய்க் ஒரு பூவை உள்ளங்கையில் கசக்கி நெடுநேரம் முகர்ந்தார். வாடிய பாதியை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கொப்பரையில் கொட்டினார். மணம் நன்று, ஆனால் இதைக்கொண்டு முடிவெடுக்க இயலாது என்றார். வரும் சனிக்கிழமை நண்பகலுக்குள் நாற்பது கிலோ புதுப்பூ வந்தால் ஒப்பந்தம். வராவிட்டால் நெல்சன் நகரத்திலிருந்து வரவழைத்துக்கொள்வார்.

நாற்பது கிலோவைக் கையால் பறிக்கப் பத்துப் பேராவது வேண்டும். எஞ்சிய வரிசைகளில் 'மூலிகை' பறிக்க வருவதாக வாக்களித்திருந்த சங்கத்தார் எண்மரும் நேற்று மாலையே வேறு வேலை இருப்பதாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்த நிலானி, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். உண்மையைச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அதன் தண்டனை முழுவதும் அவள் தலையில் விழுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் நேற்று மண்டபத்துக்குள் இருந்தீர்களா, டிக்கியருகே நின்றீர்களா என்று நான் கேட்கமாட்டேன். மார்ச் பதினைந்து, சனிக்கிழமை, காலை ஏழரை மணி. கொடி கீறும், முழுக்கைச் சட்டை அணிந்து புக்கெகோஹிக்கு வாருங்கள். வந்து பறியுங்கள்.