மணி கிடந்த பொந்து

சீவரத்தினம் கிள்ளான் ஆற்றோரக் குழியை எட்டிப் பார்த்தான். நேற்று பாதி தோண்டிச் சாக்குப் போட்டு மூடிவைத்த வெண்கல மணியைக் காணோம்!

"கன்னையா! மணி எங்கே?"

தோட்டத்துக் கங்காணி கன்னையா பெருமையாகக் கையை நீட்டினான். மரத்தடியில் மணி பளபளத்தது. புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, மாலையும் சாத்தியாகிவிட்டது.

"முனீஸ்வரர் மணிங்க ஐயா. சாமி சாமானைச் சேத்துல போட்டு வைக்கலாமா?"

"என்ட படிப்பையும் சேர்த்தெல்லோ கழுவிப்போட்டாய்!"

மணி எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று காட்டினால்தான் சீவரத்தினத்துக்கு லண்டனில் புதைபொருள் ஆராய்ச்சி மேற்படிப்புக்கு இடம். அதைச் சோதிக்கக் கோலாலம்பூரிலிருந்து பேராசிரியரின் கார் புறப்பட்டாயிற்று.

"இதுக்கா இந்த மூஞ்சி? சேத்தைப் பூசித் திருப்பி வச்சிடுவோம். வெள்ளைக்காரன் மணிகிட்டயா விசாரிக்கப் போறான்? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

சீவரத்தினம் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சரி... கார் வர முன்னம் கெதியாய் இறக்குங்கோ."

அவன் குழிக்குள் குதித்தான். தோட்டத்து ஆட்கள் நாலு பேர் கயிறு பிடிக்க, தலைக்கு மேலே மணி ஆடியது. அது உட்கார வேண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றான்.

மணியின் வாய் குழிச் சுவருக்குள் புதைந்திருந்த இடத்தில் ஒரு பொந்து. அதன் உள்ளே வளைவாகப் பச்சைக் களிம்பு. பொந்துக்கு மேலே மஞ்சள் களிமண் எங்கும் வெட்டுப்படாமல் ஓடியது. களிமண் படியுமுன்பே மணி அங்கே கிடந்திருக்கிறது! சாட்சி அது ஒன்றுதான். மணி இறங்கினால் பொந்து நொறுங்கிவிடும்.

"நிப்பாட்டுங்கோ! மேலே இழுங்கோ!"

பதறிய கைகளில் கயிறு வழுக்கியது. மணி சரிந்து வந்தது. சீவரத்தினம் வலது தோளைக் கொடுத்தான். எலும்பு நெரிந்தது.

"விட்டுட்டு நகருங்க ஐயா!"

"விட்டால் எல்லாம் போச்சு! இழு!"

மேலே கார் வந்து நின்றது. மூச்சுப் பிடித்து இழுத்த இழுப்பில் மணி அங்குலம் அங்குலமாக ஏறியது. பேராசிரியர் மஞ்சள் மணியைப் பார்த்தார். ரத்தம் வழியும் மாணவனைப் பார்த்தார்.

"என்ன கூத்து இது?"

"மணியை எடுத்துக் கழுவிப்போட்டினம், சேர். உங்களை ஏமாற்றத் திருப்பி வைக்கவும் பார்த்தம். நான்தான் சம்மதிச்சனான். ஆனால் அது கிடந்த இடம் இருக்கு. இறங்கிப் பாருங்கோ."

பேராசிரியர் தொப்பியைக் கன்னையாவிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் கால் வைத்தார். பொந்தின் முன்னால் குந்தி, விரல் படாமல், பச்சை வளைவையும் களிமண்ணையும் நெடுநேரம் பார்த்தார்.

"படம் வரை. மணிக்கு நடந்ததையும் அடியில் எழுது. லண்டனுக்கு நானே எடுத்துப் போகிறேன்."

வலது கையைத் தூக்க முடியவில்லை. சீவரத்தினம் இடது கையில் பென்சிலை எடுத்தான்.