வலது காலால் உதைக்கும் ஷெரின்

ஜல்லிக்கட்டு மாட்டுக்குப் போட்ட பேனரில் மாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷெரினை வைக்க வேண்டும். அருண்குமார் அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் நான் டிசைன் வேலை பார்க்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும், ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனால் வந்து ஒட்டிக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று எத்தனையோ முகங்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். அவர்களில் யாராவது தெருவில் எதிரே வந்தால் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

அருண்குமார் அண்ணன் வீட்டுக் காளைக்கு இந்த வருடம் பேனர் செய்தது நான்தான். இப்போது அவர் இலுப்பூர் வேங்கைகள் ரசிகர் மன்றத்தின் தலைவர். வேங்கைகள் என்பது பெண்கள் கால்பந்து அணி. ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டம், அரிமளத்தோடு. அதற்குத்தான் பேனர்.

"அதே டிசைன், ப்ரியா. மாடு இருந்த எடத்துல ஷெரின். கீழ எங்க எல்லார் தலையும்" என்று செல்போனை நீட்டினார்.

தலைகள் முப்பதுக்கு மேல் இருந்தன. பாதிக்குக் கூலிங் கிளாஸ். ஷெரினின் படம் ஒன்றே ஒன்று. போன ஆட்டத்தில் யாரோ எடுத்தது. இடது காலால் பந்தை உதைக்கிற நேரம். வாய் கோணியிருந்தது, முடி கண்ணில் விழுந்திருந்தது. எனக்கு அந்தப் படம் பிடித்தது.

கூட வந்த ரெங்கராஜ் திரையை எட்டிப் பார்த்தான். "டவுசரு ரொம்பக் குட்டையாத் தெரியுதுடா. இடுப்போட வெட்டிரச் சொல்லு."

"வெட்டிட்டா எதை வச்சுடா கோல் அடிச்சுச்சு? பாஸ்போட்டுக்கு எடுத்த மாதிரில இருக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப மாலையப் போட்டு மறைச்சுரு. மாட்டுக்குப் போட்டோம்ல."

"மாலையப் போட்டா செத்துப்போச்சுனு நெனைப்பாங்கெ."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அருண்குமார் அண்ணன் என்னிடம் திரும்பினார். "டவுசரை அப்படியே கீழ நீட்டி, பேண்ட் ஆக்கிர முடியுமா?"

முடியும். ஆனால் நான் வேறொன்றைக் கேட்டேன். "அந்தப் புள்ளகிட்டக் கேட்டீங்களாண்ணே?"

"என்னத்தக் கேக்கணும்?"

"படம் போடலாமானு."

ரெங்கராஜ் சிரித்தான். "மாட்டுக்கிட்டக் கேட்டா போட்டோம்?"

"நம்ம டீமு. பாத்தா சந்தோசந்தான் படும்" என்றார் அருண்குமார் அண்ணன். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

ஷெரினும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்ச். ஆவூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் விளையாடுவதற்கு அவளுடைய அப்பா சந்தனசாமி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். விளையாடலாம். ஆனால் அவள் படம் சுவரிலோ செல்லிலோ எங்கேயும் வரக் கூடாது. வந்தால் அன்றோடு பந்து முடிந்தது. அவர் சொன்னால் சொன்னதுதான். எட்டாவது படிக்கும்போது டூருக்குப் போகக் கூடாது என்றார். டீச்சர் வீட்டுக்கே போய்க் கேட்டும் விடவில்லை. மூன்று வருடமாக அவர் ஒரு ஆட்டத்தையும் வந்து பார்த்ததில்லை என்று ஷெரின் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பயிற்சி நேரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவாள். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "மன்றத்துப் பயலுக. இல்லைனு சொன்னா மாட்டுப் பேனரும் சேத்து அடுத்த கடைக்குப் போயிரும். போடு தாயி" என்றார்.

போட்டேன். டவுசரைக் கணுக்கால் வரை நீட்டினேன். அந்த டிசைனில் மாடு வலது பக்கம் பார்த்து நிற்கும். பின்னால் இருக்கும் ஒளிவட்டம், கீழே இருக்கும் தலைகள், எல்லாம் அந்தப் பக்கம்தான். ஷெரின் இடது பக்கம் பார்த்திருந்தாள். அதனால் படத்தை அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பினேன். சட்டையில் ஏழாம் எண் இடம்வலமாக மாறியது. அதை மட்டும் வெட்டித் திரும்ப நேராக ஒட்டினேன். மேலே ஷெரின் என்று பெயரைப் போட்டேன். "களத்தில் நின்று விளையாடும் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்ற வரி மாட்டுக்கு எழுதியது. அது இருக்கட்டும், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார்கள். பேனர் மிஷினிலிருந்து மெதுவாக வெளியே வரும்போதுதான் கவனித்தேன், ஷெரின் வலது காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாமல் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த ரசிகர்களையும்தான் எனக்கு விளங்கவில்லை. லீக் ஆரம்பித்த வருடம் மைதானத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தது ஆடுகிற பிள்ளைகளின் அம்மாமார்களும் நானும்தான். அருண்குமார் அண்ணனும் ரெங்கராஜும் மதில் மேல் உட்கார்ந்து, யாராவது விழுந்தால் சிரிப்பார்கள். அடுத்த வருடம் சிரிப்பதற்காகவே கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தில் அரிமளத்துப் பையன்களும் வந்து, இலுப்பூர் பிள்ளைகளைப் பார்த்து ஒருநாள் சிரித்தார்கள். அன்றைக்கு அடிதடி. அதிலிருந்து மன்றம். இப்போது சரக்கு ஆட்டோவில் மேளத்தோடு வருகிறார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று சண்டை போடுகிறார்கள். அருண்குமார் அண்ணனின் தங்கை நன்றாக ஓடுவாள். அவளையும் டீமில் சேர்க்கலாமே என்று கோச் ஒருமுறை கேட்டார். "நம்ம வீட்டுப் புள்ளையா? அதெல்லாம் வேணாங்க" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை காலை பேருந்து நிலைய வாசலில் பேனரைக் கட்டினார்கள். மதியத்துக்கு மேல் சந்தனசாமி ஐயா உரம் வாங்க வந்தார்.

டிவிஎஸ் வண்டியின் முன்னால் உரமூட்டையைக் கட்டிக்கொண்டு, எங்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் நிறுத்தினார். நான் மவுஸை விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்தேன். பேனர் அவருக்கு நேர் எதிரே, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அருண்குமார் அண்ணனும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஷெரினின் அப்பாவைத் தெரியாது.

டீக்கடைக்காரருக்குத் தெரியும். "என்ன சந்தனம், மக பெரிய ஆளாயிருச்சு போல. நம்ம ஷெரின்தானே அது?"

அவர் பேனரை நிமிர்ந்து பார்த்தார். டீயை ஆற்றிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இல்லீங்களே" என்றார்.

"பேரே போட்டிருக்கேய்யா."

"ஷெரினுனு ஆவூர்ல நாலு புள்ளைக இருக்கு. எம் மக பீச்சாங்காலு. இது சோத்துக்கால்ல ஒதைக்குது பாருங்க."

அருண்குமார் அண்ணனும் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தனசாமி ஐயா டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெற்ற மகளின் முகம் தெரியாமல் போகுமா? தெரியாததுபோல் நடித்தார் என்றால், டீக்கடைக்காரரிடம் எதற்கு நடிக்க வேண்டும்? அல்லது கோபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறாரா?

சாயங்காலம் ஷெரின் போன் செய்தாள். பேனரின் படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"நான் எப்போடீ பேண்ட் போட்டேன்?" என்றாள். பிறகு, "சோத்துக்கால்ல வேற ஒதைக்கிறேன்" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நான் சொல்லிப் பாத்தேன்டீ. கேக்கல."

"அப்பா பாத்துட்டாரா?"

டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன்.

"வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லலடீ. தண்ணிச் செம்பை எடது கையால எடுத்தேன். எப்பவும் வைவாரு. இன்னைக்கு அதுக்கும் வையல. அதான் பயமா இருக்கு."

"நாளைக்கு விடுவாரா?"

"தெரியல."

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகம் வெளிறியிருந்தது. "காலையில சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு, அப்படியே எங்கிட்டோ போயிட்டாரு. போயிட்டு வானும் சொல்லல, போகாதனும் சொல்லல. நான் பாட்டுக்குக் கெளம்பி வந்துட்டேன்" என்று பையை என் கையில் கொடுத்தாள். "பாதியில வந்து கூட்டிட்டுப் போயிருவாரோ என்னமோ. அங்கிட்டு ஒரு கண்ணு வச்சுக்க."

மைதானத்தில் நிற்க இடமில்லை. மைக் பிடித்தவர் ஆத்மநாதன். வாடிவாசல்களில் பேசிப் பழகியவர். ஷெரின் பந்தோடு ஓடியதும் அவருக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. "வருது பாரு, வருது பாரு! ஆவூரு சந்தனசாமி பொண்ணு வருது! புடிச்சுப் பாரு, தொட்டுப் பாரு!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "யாரய்யா தொடச் சொல்ற? செருப்பு பிஞ்சுரும்."

"பந்தைத் தாயி, பந்தை! பந்தைத் தொட்டுப் பாருனு சொன்னேன்" என்று அவர் குழைந்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஓடிக்கொண்டிருந்த ஷெரினும் சிரித்துவிட்டாள். அவளுடைய அப்பாவின் பெயர் மைக்கில் வந்துவிட்டது. டீக்கடையில் அவர் தன் மகள் இல்லை என்று சொன்னதெல்லாம் வீண்.

அப்போதுதான் மதில் ஓரத்தில் டிவிஎஸ் வண்டியைப் பார்த்தேன். உரமூட்டை இன்னும் முன்னால் கட்டியபடி இருந்தது. சந்தனசாமி ஐயா வண்டியில் சாய்ந்து நின்றார். தலையில் துண்டு. அவருக்கு முன்னால் மன்றத்துப் பையன்கள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உள்ளே போவார், இப்போது போவார் என்று பையை இறுக்கிக்கொண்டு அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர் நகரவில்லை. நானும் ஆட்டத்தைப் பாதிதான் பார்த்தேன்.

அரிமளம் ஒரு கோல் போட்டது. நாங்கள் போடவில்லை. முடிகிற நேரத்தில், கோலுக்கு முன்னால் யாருமே இல்லாத இடத்தில் பந்து ஷெரினிடம் வந்தது. வலது கால் பக்கமாக வந்தது. அதை இடதுக்கு மாற்ற நேரமில்லை. வலது காலாலேயே உதைத்தாள். கம்பத்துக்கு மேலே போய்விட்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

மேளம் நின்றது. ரெங்கராஜ் கையிலிருந்த குச்சியைத் தரையில் அடித்தான். "பொட்டப்புள்ளைகள நம்பி வண்டி கட்டி வந்தோம் பாரு. ஒரு ஆள் இல்லாத கோலுக்கு அடிக்கத் தெரியல. இதுக்குப் பேனரு ஒரு கேடு."

இன்னும் இரண்டு பேர் இன்னும் மோசமாகச் சொன்னார்கள். அவற்றை நான் எழுத மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவர்கள்தான் அவள் பெயரைத் தொண்டை கட்டும்வரை கத்தியவர்கள்.

சந்தனசாமி ஐயா வண்டியிலிருந்து நிமிர்ந்தார்.

"தம்பி" என்றார். "பந்து வந்தது சோத்துக்கால் பக்கம். போன ஆட்டத்துல இதே எடத்துல பீச்சாங்காலுக்கு வந்துச்சு. உள்ள போயிருச்சுல்ல?"

பையன்கள் திரும்பினார்கள்.

"அதுக்கு முந்துன ஆட்டத்துலயும் அப்படித்தான். ரெண்டு கோலும் பீச்சாங்காலு. அந்தப் பக்கம் பாத்துக் குடுக்கணும். குடுக்கல. அது அந்தப் புள்ள தப்பில்ல."

"நீங்க யாருங்க?" என்றான் ரெங்கராஜ்.

"பாக்க வந்தவன்" என்றார்.

போன ஆட்டமும் அதற்கு முந்திய ஆட்டமும் நடந்தபோது இவர் எங்கே நின்றிருந்தார்? நான் இரண்டுக்கும் வந்திருந்தேன். எத்தனை நாளாக வருகிறார்? வந்து பார்ப்பவர் படம் வரக் கூடாது என்று ஏன் சொன்னார்?

ஷெரின் அழுதுகொண்டே வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அழுகை நின்றது. நான் பையை நீட்டினேன். அவர் வண்டியை மிதித்துக் கிளப்பினார். அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"பைய மடியில வச்சுக்க. சக்கரத்துல மாட்டும்" என்றார் அவர். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

அருண்குமார் அண்ணன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ப்ரியா, அவரு ஷெரினுக்கு என்ன வேணும்?"

"அப்பாண்ணே."

"அப்ப நேத்து எம் மக இல்லைனாரே?"



திங்கட்கிழமை ஷெரினிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. செவ்வாயிலிருந்து பயிற்சி என்று மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அருண்குமார் அண்ணன் கழற்றிய பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். கிழித்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தக் காலை மட்டும் மாத்திரு. வேற ஒண்ணு அடிச்சு வைப்போம். அடுத்த சீசனுக்கு வேணும்" என்றார்.

கோப்பைத் திறந்து ஷெரினைத் திருப்பி, ஏழாம் எண்ணை மறுபடி நேராக்கினேன். இடது கால் இடது காலானது. இப்போது அவள் ஒளிவட்டத்துக்கும் முப்பது தலைகளுக்கும் முதுகு காட்டிக்கொண்டு எங்கேயோ உதைத்தாள்.

"பேண்ட் இருக்கட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "உண்மையில டவுசர்தான்."

அவர் திரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். வெளியே போய் ஒரு டீ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார்.

"அவங்கப்பாகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஷெரினு என்ன சொல்லும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல. கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தார். பிறகு, எப்படிக் கேட்பது என்று யோசிப்பதுபோல வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.