ஒரு சுற்று முன்னால்

பாடகனுக்கு ஐம்பத்திரண்டு வயது, நான்கு தனி ஆல்பம், அதைவிடப் பெரிய தலைக்கனம். ஐந்தாவது ஆல்பத்துக்குத்தான் பழைய பேண்ட் ஆட்களைக் கூப்பிடப் புத்தி வந்தது. பேஸ் கிடார் வாசிக்கும் மச்சான் மனைவியின் அண்ணன். வராமல் எங்கே போவான்? டிரம்ஸ் வாசிக்கும் நண்பன், 'இடி' என்று பட்டப்பெயர், அவன்தான் வருவானா என்று சந்தேகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மேடையில் இடி தாளம் தவறியபோது, பாடகன் பாட்டையே நிறுத்தி, மைக்கில் அவனைக் காட்டிக்கொடுத்தான். கூட்டம் சிரித்தது. அன்றோடு பேண்ட் உடைந்தது.

இடி வந்தான். தாளை ஸ்டாண்டில் வைத்தான், எழுதியதை எழுதியபடி அடித்தான். மச்சானும் அப்படியே. முன்பெல்லாம் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோன்றியதை வாசித்து பாடகன் உயிரை வாங்கியவர்கள்! மூன்று நாளில் ஆறு பாட்டு முடிந்தது. ஒன்றிலும் உயிர் இல்லை.

"ரொம்ப சுத்தமா வந்திருக்கு சார்," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் அம்மா. பாடகனுக்குத் தெரியும்: இப்படியே போனால் ஆல்பம் கிடைக்கும், நண்பன் கிடைக்கமாட்டான். டீ குடிக்கும்போதெல்லாம் மன்னிப்பு வாய் வரை வந்தது. "இன்னும் கொஞ்சம் டீ?" என்று கேட்டு முடித்துக்கொண்டான்.

நான்காம் நாள் காலை, ஒன்பது நிமிஷப் பாட்டு. ஏழு ஏழாக எண்ண வேண்டிய தாளம்; ஏழு எண்ணினால் ஒரு சுற்று. நடுவில் ஓரிடத்தில் பாடகன் ஒரு சுற்று முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டான். அவனே எழுதியது, அவனே தவறினான். நிறுத்தலாமா என்று நினைப்பதற்குள் இடி தாளிலிருந்து கண்ணை எடுத்தான். படபடவென்று ஓர் உருட்டு உருட்டி அவனோடு சேர்ந்துகொண்டான். மச்சானும் வாசித்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து சேர்ந்தான். அந்த பேண்டின் எழுதாத சட்டம் அது: ஒருவன் தவறினால் எல்லோரும் கூடவே தவற வேண்டும். கேட்பவனுக்கு அதுதான் பாட்டு. சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறியவன் பாடகன்தான்.

பாட்டு முடிந்தபோது மூவரும் வேர்த்து வழிந்தார்கள்.

"பிரமாதம் சார்," என்றார் ஒலிப்பதிவு அம்மா. "ஆனா நடுவுல ஒரு சுத்து குறையுது. யாரோட தப்பு? அத மட்டும் திருத்திடலாம்."

"என்னோடதும்மா," என்றான் இடி, சட்டென்று.

பாடகன் குறுக்கிட்டான். "இல்லம்மா, நான்தான். இவன் என்னக் காப்பாத்தினான். அன்னிக்கு நான் இவனக் காப்பாத்தல." இடியின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிருடா."

இடி குச்சிகளை மடியில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். "இதச் சொல்ல ஒரு ஃபோன் போதாதாடா? மூணு நாளா என்ன மெஷின் மாதிரி அடிக்க வச்சியே!"

"மாப்ள, அப்போ அந்த ஆறு பாட்டு?" என்றான் மச்சான்.

பாடகன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்: "அழிச்சிடுங்கம்மா."