இரண்டு பாதிக் கார்களும் ஒரு கூரையும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நீதியின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய ஒரு தீர்ப்பின்படி, தெரு நலச் சங்கத் தலைவர் முன்னிலையில், ஒரு கார் முன் பம்பர் தொடங்கிப் பின் பம்பர் வரை சரிநடுவாக அறுக்கப்பட்டது. அறுத்து முடித்ததும் பாதிக்கு இரண்டு சக்கரம் என்று இரண்டும் தனித்தனியே நின்றன. விழவில்லை. கூடியிருந்தவர்கள் விழுமா விழுமா என்று கையிலிருந்த டீ ஆறும்வரை பார்த்தார்கள். விழாது என்று தெரிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வெல்டர் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, நல்ல பிளேடெல்லாம் உடைந்துபோனதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்.

கார் அப்பாவுடையது. வெளிர் நீலம், வட்ட விளக்குகள், கித்தான் துணியில் மடக்குக் கூரை. மருந்துக் கம்பெனி விற்பனையாளராக ஊர் ஊராய் அலைந்த மனிதர், யாரோ வேண்டாமென்று தள்ளியதை வாங்கி வந்து, கூரையைப் பின்னால் மடக்கிப் போட்டுக்கொண்டு, குடும்பத்தையே காற்று வாங்கக் கூட்டிப் போவார். பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். இடது ஓரம் பெரியவன், வலது ஓரம் சின்னவன், நடுவில் பெண். நடு சீட் என்பது உண்மையில் சீட்டே அல்ல. இரண்டு சீட்டுகள் சந்திக்கிற மேடு, கீழே கால் வைக்க ஒரு கூனல். ஆனால் அம்மாவின் தோளுக்கும் அப்பாவின் தோளுக்கும் இடையில் சாலை முழுவதும் தெரிவது அங்கிருந்து மட்டும்தான். வண்டி வலது பக்கம் திரும்பினால் அண்ணன் மேல் சாயலாம், இடது பக்கம் திரும்பினால் தம்பி மேல் சாயலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு விழ இடம் இருந்தது. தெருவில் அவளை நடுப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கி, தலை நரைத்த பிறகும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பெரியவர் சர்வேயர் ஆனார். சின்னவர் பல் டாக்டர் ஆனார். நடுப்பிள்ளை வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் முழுக்க மழை. கார் முற்றத்தில் கூரை திறந்தபடியே நின்றது. தம்பி மூடியிருப்பான் என்று அண்ணனும், அண்ணன் மூடியிருப்பார் என்று தம்பியும் நினைத்திருந்தார்கள். அப்பா திரும்பி வரவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது காருக்குள் முழங்கால் தண்ணீர், அதில் சீட்டின் பஞ்சு மிதந்தது. அண்ணன், "உனக்குக் கண்ணு தெரியாதா?" என்றார். தம்பி, "உங்களுக்குக் கையில்லையா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் அழுதிருக்க வேண்டிய நேரம் அது. அழத் தெரியாத ஆண்கள் காரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நடுப்பிள்ளை தன் தையல் மெஷினிடம் சொன்னாள். அதனிடம்தான் அவள் வீட்டு விஷயம் பேசுவது.

வீட்டைப் பிரிப்பதில் தகராறு இல்லை. இடது பக்கம் அண்ணனுக்கு, வலது பக்கம் தம்பிக்கு, முன்னறை நடுப்பிள்ளைக்கு. கார்தான் முட்டியது. அப்போதுதான் தலைவர் வந்தார். தலைவர் எந்தக் கூட்டத்திலும் 'சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்' என்று தொடங்கி, நாற்காலிக்காரர்கள் நாற்காலியை எடுக்க வரும்வரை பேசுபவர். அவர் வெகுநேரம் கண்ணை மூடி யோசித்து, காரை இரண்டாக அறுத்துவிடலாம் என்று தீர்ப்பளித்தார். யாருக்கு வண்டிமேல் உண்மையான பாசமோ அவர் பதறிப்போய், ஐயோ வேண்டாம், முழுசாக அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று கத்துவார், பிரச்சினை தீர்ந்துவிடும், தன் மதிநுட்பம் நாலு தெரு பேசும் என்பது கணக்கு. பெரியவர் சரி என்றார். சின்னவரும் சரி என்றார். தலைவருக்குப் பின்வாங்க வழியில்லை. நடுப்பிள்ளைதான் வேண்டாம் என்று கத்தினாள். ஆனால் கத்த வேண்டியவர்கள் பட்டியலில் அவள் இல்லாததால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில், பெண்பிள்ளையை வெறுங்கையோடு விடக்கூடாது என்று பெருந்தன்மையோடு, கூரையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்கள். பெரியவர் தாமே டேப் பிடித்துக் கோடு போட்டார். கோடு நடு சீட்டின் சரிநடுவில் போயிற்று. அளவில் குற்றம் சொல்ல முடியாது.

பின்பக்கக் கொட்டகையில் பாதிகளுக்கு நடுவே சுவர் எழும்பியது. ஆளுக்கொரு பக்கம் வேலை தொடங்கியது. சின்னவர் கிளினிக்கிலிருந்து பல் குடையும் மெஷினைக் கொண்டுவந்து, துருவைச் சொத்தையைக் குடைவதுபோல் குடைந்தார். கதவின் அடி விளிம்பில் ஓட்டைகளை அடைக்கும்போது பழக்க தோஷத்தில், "வலிச்சா கையத் தூக்குங்க" என்பார். ஒருநாள் வைப்பர் தூக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெதுவாகக் குடைந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, ரசமட்டம் வைத்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்தார். ஒரு முடியளவு மேடு இருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்டியரிங்கும் பெடல்களும் தம்பி பக்கம் போயின. கியர் கம்பி விரல்கடை வித்தியாசத்தில் அண்ணனுக்கு வந்தது. இன்ஜினில் ஆளுக்குப் பாதி. அறுத்த பிளேடின் கனத்துக்கு உலோகம் தூளாய்ப் போயிருந்தது. அதை அவன்தான் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான் என்று அண்ணனும், அவர்தான் என்று தம்பியும் வருடக்கணக்கில் நம்பினார்கள். இரண்டு பேரும் தனித்தனியே நடுப்பிள்ளையிடம் வந்து, அந்தப் பக்கம் என்ன பெயின்ட் அடிக்கிறார்கள் என்று, தங்களுக்கு அக்கறை இல்லாததுபோல் கேட்டார்கள். அவள் இருவரிடமும் அதே வெளிர் நீலம் என்றாள். இரண்டு பேருமே வேறு நிறம் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேருமே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

கூரைக்கும் வேலை நடந்தது. நடுப்பிள்ளை பூஞ்சையைத் தேய்த்துக் கழுவி, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, கோணி ஊசியால் தையல் பிரித்துத் தைத்து, தையல் வாயெல்லாம் மெழுகு தடவி, கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். அதன் பிறகு கூரைக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வெளியில் முதல் துளி விழுந்ததும் அது தானே விரிந்துகொள்ளும். அவள், மெஷின், அளவெடுக்க வந்த வாடிக்கையாளர் என்று எல்லோரையும் மூடிக்கொண்டு நிற்கும். கடைக்கு ஏற்கெனவே கான்கிரீட் தளம் இருக்கிறது என்று அதற்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. ஒருமுறை தவறிவிட்ட கூரை. இனி ஒரு துளியைக்கூட நம்புவதாக இல்லை. வாடிக்கையாளர்கள் கொஞ்சம் குனிந்து நின்று அளவு கொடுக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு வசந்த காலத்தில், ஒரே வாரத்தில், இரண்டு பாதிகளும் ஓடின. தம்பியின் பாதிக்குக் கியர் இல்லாததால் அது ஒரே வேகத்தில், கல்யாண வீட்டுக்குப் போகிற பெரிய மனிதர்போலப் போகும். அண்ணனின் பாதிக்கு ஸ்டியரிங் இல்லை; அவர் தொண்டையைச் செருமினால் திரும்பும். அவர் வீட்டில் எல்லாமே அப்படித்தான் திரும்பின என்பதால் அண்ணிக்கு இதில் வியப்பில்லை. சாயங்காலம் அண்ணன் கிழக்கே போனால் தம்பி மேற்கே போவார். ஓரங்கட்டி நின்று பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: மைலேஜ் என்ன கொடுக்கிறது? பாதி வண்டி, பாதி பெட்ரோல். முழு வண்டி கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு என்று பதில் வந்தது. தெருவே தலையாட்டிப் பாராட்டியது. சொந்தக் காரை அறுக்கலாமா என்று மனைவியோடு ஆலோசித்தவர்களும் உண்டு.

நடுப்பிள்ளைக்கு வேண்டியிருந்தது மைலேஜ் அல்ல. அவள் இடம். அண்ணன் ஒருநாள் அவளை அன்பாகக் கூப்பிட்டுத் தன் பாதியில் ஏற்றினார். நடு சீட்டின் பாதியில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது பாதி காரில் இருந்தது, வலது பாதி சாலைக்கு மேலே இருந்தது. தம்பியின் பாதியிலும் ஏறிப் பார்த்தாள். அங்கே வலது பாதிக்கு இடம் இருந்தது. எது திரும்பினாலும் ஒரு பக்கம் சாய சீட் உண்டு, இன்னொரு பக்கம் வெறும் காற்று. இறங்கி வந்து, தலை சுற்றுகிறது என்று இருவரிடமும் பொய் சொன்னாள். அன்று அவள் தைத்த சட்டைகளுக்கெல்லாம் ஒரு கை நீளமாகப் போனது.

பிறகு அந்த மழை வந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம். அண்ணனும் தம்பியும் உலாவப் போயிருந்தார்கள். திடீரென்று வானம் கறுத்து, முதல் துளி விழுவதற்கு முன்பே கூரை சுவரிலிருந்து விரிந்தது. இந்த முறை அது அவளை மூடவில்லை. ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது. அவள் கம்பியைப் பிடித்தாள். காற்றில் குடை ஆளை இழுப்பதுபோல் அது அவளைத் தெருவோடு இழுத்துப் போயிற்று. வாயில் இருந்த குண்டூசிகளைத் துப்பக்கூட நேரம் இல்லை.

நாற்சந்தியில் இரண்டு பாதிகளும் நனைந்து அணைந்துபோய், சாலையின் இரு ஓரங்களில் நின்றன. புதுத் தோல் சீட்டில் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தது. பெரியவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவர் சட்டையைக் கழற்றி டேஷ்போர்டின் மேல் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் கூரையை அண்ணன் பக்கம் கொண்டுபோனாள். முழுக் காருக்குத் தைத்தது. பாதிக்கு மேல் வைத்தால் மறுபாதி தொங்கி, சேர்ந்த தண்ணீரையெல்லாம் அவர் மடியிலேயே கொட்டியது. அதற்குள் தம்பி சொட்டச் சொட்ட நனைந்தார். தம்பி பக்கம் ஓடினாள். அங்கும் அதே கதை. சாலை நடுவே வந்து நின்று, குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"ஒண்ணு, ரெண்டு பேரும் நனைஞ்சு சாவுங்க. இல்ல, பக்கத்துல வாங்க. எனக்குக் கை வலிக்குது."

வலிக்கிறது என்ற வார்த்தையை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. பெரியவர் இறங்கித் தன் பாதியைத் தள்ளினார். சின்னவரும் தள்ளினார். கிட்ட வந்ததும் பெரியவர், பார்வையாலேயே அளந்து, இன்னும் இரண்டு விரல் என்பதைக் காற்றிடம் சொன்னார். காற்று சொன்னபடி சின்னவர் இரண்டு விரல் நகர்த்தினார். கூரை கிளிக் கிளிக் என்று தன் பழைய கொக்கிகளில் உட்கார்ந்தது. இடையில் பிளேடு கனத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அது இருவரிடமும் இல்லை, யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நடுப்பிள்ளை பின்னால் ஏறி அதன்மேல் உட்கார்ந்தாள். இடைவெளி அதோடு சரி.

கித்தான் மேல் மழை கொட்டியது. மூவரும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் பார்க்க எதுவும் இல்லை. அண்ணன் தொண்டையைச் செருமினார். கார் திரும்பவில்லை.

"அந்தப் பக்கம் ஒழுகுதா?"

சின்னவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, பனியனும் ஈரம் என்பதால் மறுபடி துடைத்தார்.

"இல்லண்ணே. உங்க பக்கம்?"

"இல்ல."

"நான் தைச்சது ஒழுகுமா?" என்றாள் நடுப்பிள்ளை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒழுகாது என்றார்கள். பிறகு மழை விடுகிறவரை பெரியவர் கண்ணாடியிடமும் சின்னவர் ஸ்டியரிங்கிடமும் அந்த ஆஸ்பத்திரி வாரத்தைப் பற்றி ஏதேதோ சொன்னார்கள். நீ மூடியிருப்பாய் என்று நினைத்தேன் என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு தோள்கள் குலுங்கின. வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் அது இன்ஜின் அல்ல.

தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதே தம் தீர்ப்பின் ஆழமான நோக்கம் என்று சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினார். பெரியவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி வரும்" என்றார். வண்டி வந்தது. வலது பக்கம் திரும்பியபோது அவள் அண்ணன் பக்கம் சாய்ந்தாள். இப்போது அவர்கள் முன்னால், இவள் பின்னால். அதனால் இரண்டு கைகளையும் நீட்டி ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெல்டர் ஒட்டித் தருவதாகச் சொன்னார். யாரும் ஒட்டச் சொல்லவில்லை. நடுப்பிள்ளை கடையிலிருந்து பேன்ட் கொக்கிகளை எடுத்துவந்து தரை நெடுகத் தைத்துவிட்டாள்; தகரத்தில் கோணி ஊசி இறங்கியது. கொட்டகைச் சுவரை இடித்தார்கள். எப்போதாவது வழியில் வாக்குவாதம் முற்றினால் கொக்கிகள் கழன்று, அண்ணன் கிழக்கேயும் தம்பி மேற்கேயும் போவார்கள். அவள் கூரையோடு நாற்சந்தியில் நின்றுகொண்டிருப்பாள். டீக்கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போடுவார். அவள் டீயை முடிப்பதற்குள் இரண்டு பக்கமிருந்தும் வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டும் சேர்ந்த பிறகு மைலேஜ் பாதியாகக் குறைந்துவிட்டது.